சுட்டது சொக் கேபிள்: 1959 மொறிஸ் மைனர் ஒன்றின் ஸ்டார்ட்டர் பழுது

யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் இருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்த ஆசிரியர், எஞ்சினை நிறுத்தாமலேயே எங்கள் கராஜ் வாசலில் இறங்கினார். "நிப்பாட்டினால் திரும்ப எடுக்காது தம்பி. அதுதான் அப்படியே விட்டிருக்கிறன்" என்றார். ஓய்வுபெற்று பதினைந்து வருடத்துக்கு மேல். கார் அவருடைய தகப்பனார் வாங்கியது. 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 948 சிசி ஏ சீரிஸ் எஞ்சின்.

பழுது இரண்டு விதமாக வந்தது. டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால், சில நேரம் எஞ்சின் நித்திரையில் இருந்து எழும்புவது போல மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். சில நேரம் "ஸ்ர்ர்ர்" என்று மோட்டர் மட்டும் தனியாகச் சுற்றும், எஞ்சின் அசையாது. நாலு மாதமாக இதே பாடு. முதலில் புதுப் பற்றரி போட்டிருக்கிறார். கொஞ்ச நாள் சரி. பிறகு வேறோர் இடத்தில் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் புது காபன் பிரஷ் போட்டு, முழுதாகத் திருத்தித் தந்திருக்கிறார்கள். அதுவும் கொஞ்ச நாள்தான். மூன்றாவது முறை பல்லுச் சக்கரம் வழுக்கவில்லை என்று சொல்லி நிறைய கிறீஸ் பூசியிருக்கிறார்கள். அதோடு பழுது கூடிவிட்டது.

இந்தக் காரை நான் விரிவாக எழுதக் காரணம், இதில் இருந்த பிழை ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் குற்றத்தை மற்றது மறைத்துக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் என்றால் மோட்டர் மட்டும்தான் என்று நினைக்கிற எவருக்கும் இந்தப் பழுது பிடிபடாது.

ஒரு போல்ட்டும் ஒரு நட்டும்

மைனரில் இருப்பது பிரிட்டிஷ் கம்பெனியான லூக்காஸின் எம் 35 ஜி வகை ஸ்டார்ட்டர். அந்தக் கால பிரிட்டிஷ் சின்னக் கார்கள் பலவற்றில் இதே மோட்டர்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே, எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு இரும்புக் குழாய் போலப் படுத்திருக்கும். உள்ளே நாலு காந்தச் சுருள், நடுவில் சுற்றுகிற ஆமேச்சர், அதன் ஒரு முனையில் செப்புத் துண்டுகளால் ஆன கொமியூட்டேட்டர், அதை அழுத்திக்கொண்டு நாலு காபன் பிரஷ். இரண்டு பிரஷ் காந்தச் சுருளின் முனைகளோடு ஒட்டப்பட்டிருக்கும். மற்ற இரண்டும் மோட்டரின் உடம்போடு, அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்புகிற எர்த்தோடு.

மின்சாரம் காந்தச் சுருள் வழியாகப் போய், அதே மின்சாரம் ஆமேச்சர் வழியாகவும் போகிறது. அதனால்தான் இதைத் தொடர்ச் சுற்று மோட்டர் என்கிறோம். இந்த அமைப்பின் பெரிய குணம், அசையாமல் நிற்கிற நேரத்தில்தான் அதன் முறுக்கு விசை உச்சத்தில் இருக்கும். நின்றுபோன எஞ்சினை உலுக்கி எழுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான மோட்டர் இல்லை. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. காந்தமும் ஆமேச்சரும் ஒரே மின்னோட்டத்தில் வேலை செய்வதால், மின்னோட்டம் பாதியாகக் குறைந்தால் முறுக்கு விசை பாதியாகக் குறைவதில்லை, ஏறக்குறைய கால்வாசிக்கு இறங்கிவிடும். வயரில் கொஞ்சம் தடை கூடினாலும் மோட்டர் இவ்வளவு சோர்ந்து போவது இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடிக்கடி சண்டை பிடிக்கிற விசயம் இது. மைனர் பிறந்தபோது நேர்முனை எர்த் கார், அதாவது பற்றரியின் நேர்முனையைக் காரின் உடம்போடு இணைத்த கார். ரேடியோ பூட்டுவதற்காகப் பலர் எதிர்முனை எர்த்துக்கு மாற்றுகிறார்கள். மாற்றினால் ஸ்டார்ட்டர் எதிர்ப்பக்கம் சுற்றுமோ என்று பயப்பட வேண்டாம். காந்தமும் ஆமேச்சரும் சேர்ந்தே திசை மாறுவதால் சுற்றுகிற திசை மாறாது. பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கிற டைனமோவுக்குத்தான் முனை மாற்றிக் கொடுக்க வேண்டும். ஆசிரியரின் கார் இன்னும் பழையபடி நேர்முனை எர்த்தில்தான் இருந்தது.

சரி, மோட்டர் சுற்றினால் மட்டும் போதாதே. அதன் முனையில் இருக்கும் சின்னப் பல்லுச் சக்கரம், எஞ்சினோடு சுற்றுகிற பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் விளிம்பில் இருக்கும் பல்லு வளையத்தில், அதாவது ரிங் கியரில், போய்ப் பிடிக்க வேண்டும், எஞ்சின் எடுத்தவுடன் விலகி வந்துவிடவும் வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் பெண்டிக்ஸ். அமெரிக்கரான வின்சென்ட் பெண்டிக்ஸின் பெயர் அது. சார்ள்ஸ் கெற்றறிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரை 1912 மொடல் கடிலக் காரில் பூட்டிய சில வருடங்களுக்குள் பெண்டிக்ஸின் முறை உலகமெங்கும் பரவிவிட்டது. லூக்காஸ் செய்ததும் அதே வழியில்தான்.

பெண்டிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று ஆசிரியர் கேட்டார். மேசையில் கிடந்த நீளமான போல்ட் ஒன்றில் தளர்வான நட்டைச் சுழற்றிவிட்டு அவர் கையில் கொடுத்தேன். "சேர், போல்ட்டை மெல்லத் திருப்புங்கோ." திருப்பினார். நட்டும் போல்ட்டோடு சேர்ந்து சுற்றியது, இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "இப்ப சடாரென்று ஒரு சுண்டு." சுண்டினார். நட்டு பின்தங்கி, புரி வழியாக ஓடி மறுமுனைக்கு வந்துவிட்டது.

பெண்டிக்ஸில் நடப்பது இதுதான். ஆமேச்சர் தண்டின் மேல் புரி வெட்டிய குழல் ஒன்று. அதன் மேல் உட்புரியோடு பல்லுச் சக்கரம். மோட்டர் சடாரென்று வேகமெடுக்கும்போது, பல்லுச் சக்கரம் தன் எடையால் பின்தங்குகிறது. பின்தங்குவதால் புரியில் ஓடி ரிங் கியரில் விழுகிறது. பிடிக்கும் நேரத்து அடியைத் தாங்குவது பெரிய சுருள்வில். எஞ்சின் எடுத்தவுடன் ஃப்ளைவீல் பல்லுச் சக்கரத்தை முந்திச் சுற்றும், உடனே அது அதே புரியில் திரும்பி ஓடிவிடும். அது மறுபடி முன்னால் நழுவி ஓடுகிற ஃப்ளைவீலில் உரசாமல் பிடித்துவைக்க ஒரு மெல்லிய வில்லும் உண்டு. சொலனாய்ட் என்கிற மின்காந்தம் தள்ளிக் கொடுப்பது பிற்காலத்துக் கார்களில்தான். இங்கே தள்ளுவதற்கு யாரும் இல்லை. சடாரென்று எழும்புகிற அந்த ஒரு வேகம்தான் எல்லாம்.

ஆகவே மோட்டர் மெதுவாக வேகமெடுத்தால், பல்லுச் சக்கரம் போல்ட்டோடு சுற்றிய நட்டைப் போல இருந்த இடத்திலேயே சுற்றும். "ஸ்ர்ர்ர்" என்ற சத்தம் அதுதான். இந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் பெண்டிக்ஸைக் குற்றம் சொல்வதுதான் வழக்கம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மோட்டருக்கு மின்சாரம் ஒழுங்காக வராவிட்டாலும் இதே சத்தம்தான் வரும்.

கழற்றுவதற்கு முன்

எங்கள் கராஜில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஸ்டார்ட்டர் பழுது என்று வந்தால், வோல்ட் மீற்றரால் பார்க்காமல் ஸ்பானரை எடுப்பதில்லை. கழற்றி மேசையில் வைத்துப் பற்றரி கொடுத்தால் அநேகமாக எல்லா ஸ்டார்ட்டரும் நன்றாகத்தான் சுற்றும். சுமையில்லாமல் சுற்ற எம் 35 ஜிக்கு 45 ஆம்பியர் அளவு போதும். எஞ்சினைப் புரட்டும்போது அது பல மடங்கு. மேசையில் நாம் கொடுக்கிற வயரும் காரில் இருக்கிற வயர் அல்ல. போன இடத்தில் மேசையில் நன்றாகச் சுற்றியதாம், காரில் பூட்டினால் சோர்ந்ததாம். ஆசிரியர் அதைச் சொன்னபோதே என் சந்தேகம் மோட்டரை விட்டு வெளியே போய்விட்டது.

எஞ்சின் எடுத்துவிடாமல் இருக்கக் கொயில் வயரைக் கழற்றிவிட்டு, பொடியனைக் குமிழை இழுக்கச் சொன்னேன். முதல் மூன்று முறையும் வெறும் சுற்று. நாலாவது முறை பல் பிடித்து எஞ்சின் தவழ்ந்தது. அந்த நேரத்தில் எடுத்த கணக்குத்தான் பயன்படும்.

சும்மா இருக்கும்போது பற்றரியில் 12.6 வோல்ட். எஞ்சின் புரளும்போது பற்றரி முனைகளில் 11.1. இது நல்ல எண் போலத் தோன்றும். எஞ்சின் இவ்வளவு கஷ்டப்பட்டுப் புரளும்போது பற்றரி இப்படி மேலே நின்றால், மின்சாரம் போதிய அளவு வெளியே போகவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்து மீற்றரின் ஒரு கம்பியை ஸ்டார்ட்டரின் முனையிலும் மற்றதை ஸ்டார்ட்டரின் உடம்பிலும் வைத்தேன்: 7.9. பற்றரியில் 11.1 இருக்க மோட்டருக்குப் போய்ச் சேர்வது 7.9 மட்டும். 3.2 வோல்ட் வழியில் எங்கோ போய்விடுகிறது.

மின்சாரம் கொண்டுபோகிற பக்கத்தைப் பார்த்தேன். பற்றரியின் எதிர்முனையில் இருந்து சுவிட்ச் வழியாக ஸ்டார்ட்டர் முனை வரைக்கும் 0.4 வோல்ட் இழப்பு. குமிழ் இழுக்கிற அந்தப் பழைய சுவிட்சுக்குள் செப்புத் தட்டு கருகியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன், அது தப்பித்துக்கொண்டது. அடுத்து எர்த் பக்கம். பற்றரியின் நேர்முனையில் இருந்து ஸ்டார்ட்டர் உடம்பு வரைக்கும்: 2.8. அதில் பற்றரிக்கும் கார் பொடிக்கும், அதாவது காரின் இரும்பு உடம்புக்கும், நடுவில் 0.1 மட்டும். மீதி 2.7 வோல்ட்டும் கார் பொடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

மைனரின் எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் கியர்பொக்ஸையும் கார் பொடியையும் இணைக்கப் பின்னிய செப்புப் பட்டை ஒன்று உண்டு. ஸ்டார்ட்டர் எடுக்கிற மின்சாரம் முழுவதும் அந்தப் பட்டை வழியாகத்தான் பற்றரிக்குத் திரும்ப வேண்டும். பட்டை இல்லாவிட்டால்? எஞ்சினையும் பொடியையும் தொட்டுக்கொண்டிருக்கிற வேறு உலோகங்கள் எவையோ, அவை வழியாக வரும். எஞ்சினை எடுக்கும்போது பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிற சொக்கின் கேபிள். அக்ஸிலரேற்றர் கேபிள்.

கையை நீட்டி, காபரேற்றருக்குப் போகிற சொக் கேபிளின் வெளிச்சுருளை விரலால் தொட்டேன். சுட்டது. நாலைந்து முறை குமிழை இழுத்ததற்கே அவ்வளவு சூடு. ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தேன். "சொக் இழுக்கக் கஷ்டமா சேர்?" "ஓம் தம்பி, இரண்டு மாதமா இறுகிப்போச்சு. ஒரு நாள் எரிஞ்ச மணமும் வந்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தன்" என்றார்.

கணக்குப் பாருங்கள். எஞ்சினைப் புரட்ட 100 ஆம்பியர் என்று குறைத்து வைத்தாலும், 2.7 வோல்ட் இழப்பில் 270 வாட் வெப்பம். அது முழுவதும் பென்சிலை விட மெல்லிய ஒன்றிரண்டு கேபிள்களுக்குள். தீப்பிடிக்காமல் இருந்தது அவருடைய நல்ல காலம். பெற்றோல் இருக்கிற காபரேற்றருக்குப் பக்கத்தில்தான் அந்தக் கேபிள் முடிகிறது.

காரைத் தூக்கி அடியில் போய்ப் பார்த்தோம். கியர்பொக்ஸுக்குக் கீழே பட்டை இல்லை. அது பூட்டியிருந்த இடத்தில் ஒரு காசு அளவு வட்டம் மட்டும் சுத்தமாக, சுற்றிலும் எண்ணெய்யும் புழுதியும் படிந்து கிடந்தது. ஆறு மாதத்துக்கு முன்னம் கியர்பொக்ஸ் மவுண்டிங் மாற்றினதாம். அப்போது கழற்றிய பட்டையைத் திரும்பப் பூட்ட மறந்திருக்கிறார்கள். பழுது தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பட்டை இல்லாத காரில் புதுப் பற்றரி ஏன் கொஞ்ச நாள் கைகொடுத்தது என்று இப்போது விளங்கும். புதுப் பற்றரி கொஞ்சம் கூட வோல்ட் தந்திருக்கும், அந்தக் கொஞ்சம் பெண்டிக்ஸை எறிவதற்குப் போதுமாக இருந்திருக்கும். கேபிள்கள் சூடாகிச் சூடாகி, அவற்றின் தொடுமிடங்கள் துருவேற, அந்த லாபமும் கரைந்துவிட்டது.

இரண்டாவது பிழை

உறுதிப்படுத்திக்கொள்ள, தடித்த ஜம்பர் வயர் ஒன்றால் எஞ்சின் பிளொக்கைப் பற்றரியின் நேர்முனையோடு நேரடியாக இணைத்துவிட்டுக் குமிழை இழுத்தோம். எஞ்சின் துள்ளிப் புரண்டது. ஆசிரியரின் முகத்தில் வந்த சிரிப்பை மறக்க முடியாது. ஆனால் ஆறாவது இழுப்பில் மறுபடி "ஸ்ர்ர்ர்". அங்கேயே வேலையை முடித்திருந்தால் அடுத்த கிழமை அவர் திரும்ப வந்திருப்பார். மின்சாரம் இப்போது ஒழுங்காகப் போகிறது. ஆகவே இந்த முறை குற்றம் பெண்டிக்ஸில்தான். அப்போதுதான் ஸ்டார்ட்டரைக் கழற்றினோம்.

பெண்டிக்ஸைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பூசிய கிறீஸ் கிளச்சில் இருந்து வருகிற தூசியைச் சேர்த்துப் பிடித்து, கறுப்புக் களி போல ஆகியிருந்தது. பல்லுச் சக்கரத்தைக் கையால் திருப்பினால் குழலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. புரியில் ஓட மறுக்கிற பல்லுச் சக்கரம், எவ்வளவு சடாரென்று சுற்றினாலும் பின்தங்காது. பெண்டிக்ஸின் புரிக்குக் கிறீஸோ எண்ணெய்யோ போடக் கூடாது என்பது இந்த மோட்டரின் பாலபாடம். மண்ணெண்ணெய்யில் கழுவி, காய விட்டு, அப்படியே பூட்ட வேண்டும். உலர்ந்திருப்பதே அதற்கு நல்லது. இறுகுகிற எதற்கும் எண்ணெய் விடுவது நம் கை பழகிய பழக்கம், அதனால்தான் இந்தப் பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது.

மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் பெண்டிக்ஸைப் போட்டதும் ஆசிரியர் பழைய காலத்துக்குப் போய்விட்டார். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் தடை போட்டிருந்த வருடங்களில் இந்தக் கார் ஓடியதே மண்ணெண்ணெய்யில்தான். எஞ்சினை எடுக்க மட்டும் சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளி, பிறகு மண்ணெண்ணெய். நல்ல பற்றரி கிடைக்காது. முன் பம்பருக்குள்ளால் கம்பி விட்டுக் கையால் சுற்றித்தான் எடுப்பார்களாம். "அப்ப ஸ்டார்ட்டர் இருக்கிறதே மறந்துபோச்சு தம்பி" என்றார். கைக்கம்பி போடுகிற துளை இந்தக் காரில் இன்னும் இருக்கிறது. ஒருவகையில் அந்த வருடங்கள்தான் இந்த மோட்டரைத் தேயாமல் காப்பாற்றியிருக்கின்றன.

மோட்டரின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தோம். பிரஷ் புதிது, வில்லின் அழுத்தம் சரி. கொமியூட்டேட்டரில்தான் ஒரு குறை. செப்புத் துண்டுகளுக்கு நடுவில் இருக்கும், மின்சாரம் கடத்தாத மைக்காவை யாரோ வாள் அலகால் சுரண்டிக் குழி ஆக்கியிருந்தார்கள். டைனமோவுக்கு அப்படிச் செய்வது முறை. அந்தக் கை பழக்கத்தில் ஸ்டார்ட்டருக்கும் செய்துவிடுகிறார்கள். லூக்காஸ் ஸ்டார்ட்டரில் மைக்காவைக் குழிக்கவே கூடாது. நல்ல வேளை, குழி ஆழமில்லை. லேத்தில் மெல்லச் சீவி மைக்காவும் செப்பும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடித் துகள் ஒட்டிய தேய்ப்புத் தாளால் மினுக்கிப் பெற்றோல் நனைத்த துணியால் துடைத்தோம். எமரித் தாள் பாவிக்க வேண்டாம், அதன் துகள் துண்டுகளுக்கு நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். தண்டைத் தாங்குகிற பின்பக்க வெண்கலப் புஷ் கொஞ்சம் ஆடியது. புதுப் புஷ்ஷை ஒரு நாள் முழுக்க எஞ்சின் எண்ணெய்யில் ஊறப் போட்டு அடித்தோம். இந்த மோட்டரில் எண்ணெய் வேண்டிய இடம் புஷ் மட்டும்தான்.

எர்த் பட்டையைக் கடையில் தேடி அலையாமல், தடித்த பின்னல் செப்பில் நாங்களே செய்தோம். இரண்டு முனையிலும் பெயின்டைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிய வைத்து, இறுக்கிய பிறகு மேலால் வசலின் பூசினோம். இந்தச் சுரண்டல்தான் முக்கியம். பெயின்டின் மேல் பூட்டிய எர்த், பூட்டாத எர்த்துக்குச் சமம்.

எல்லாம் பூட்டி முடித்து மறுபடி அளந்தேன். ஸ்டார்ட்டரில் 9.8 வோல்ட். எர்த் பக்கத்து இழப்பு 0.3. பற்றரி முனையில் 10.5. பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டிருந்த ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "முந்தி 11.1 இருந்தது, இப்ப 10.5 எண்டால் குறைஞ்சிட்டுதே தம்பி?" கணக்கு வாத்தியார், விடமாட்டார். "பற்றரி இப்பதான் சேர் முழு வேலை செய்யுது. முந்தி அதுக்கு வெளியில போக வழி இல்லை, அதால இறங்காமல் நிண்டது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கொப்பியில் அந்த எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் ரிங் கியரிலும் அந்த இரண்டு இடத்துப் பல் மட்டும் தேய்கிறது. இந்தக் காரிலும் அப்படித்தான். அடுத்த முறை கிளச் மாற்றக் கியர்பொக்ஸை இறக்கும்போது, ரிங் கியரைச் சூடாக்கிக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பிப் பூட்டினால் தேயாத பல் அந்த இடத்துக்கு வந்துவிடும். அதுவரைக்கும் எப்போதாவது பல் இறுகிச் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று காட்டிக் கொடுத்தேன். திறப்பைத் திருப்பி இக்னிஷனை நிப்பாட்டிவிட்டு, டொப் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். விடாவிட்டால், ஸ்டார்ட்டரின் முனையில் சதுரமாக நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை ஸ்பானரால் திருப்ப வேண்டும். சுத்தியலால் அடிக்கக் கூடாது.

சொக் கேபிளைப் புதிதாகப் போட்டோம். பழையதை வெட்டி, உள்ளே இருந்த கம்பியை இழுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு அது நீலம் பாய்ந்திருந்தது.